இருபத்தொரு வயதைக் கொடுத்து முப்பத்தொரு வயதை வாங்கியவர்கள்

2025 ஜனவரியில் இந்தியன் சூப்பர் லீகில் ஒரு கைமாற்று நடந்தது. சென்னையின் எஃப்.சி.யில் இருந்த பிகாஷ் யும்னம் கொச்சிக்குப் போனார். கேரளா பிளாஸ்டர்ஸில் இருந்த பிரீதம் கோட்டால் சென்னைக்கு வந்தார். இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். பிகாஷ் மணிப்பூர்க்காரர், அப்போது வயது 21. லண்டன் 'கார்டியன்' நாளிதழ் 2003-ல் பிறந்த உலகின் 60 இளம் வீரர்களை 2020-ல் பட்டியலிட்டபோது அதில் இவர் பெயரும் இருந்தது. கோட்டால் வங்காளத்துக்காரர், வயது 31. பல ஆண்டுகள் இந்திய அணியில் ஆடியவர்; 2023 மார்ச்சில் ஏ.டி.கே. மோகன் பகான் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றபோது அதன் கேப்டன். இந்தக் கைமாற்றில் எவ்வளவு பணம் போனது, வந்தது என்று இரண்டு கிளப்பும் வாய் திறக்கவில்லை.

சங்கரன்கோவிலில் இருந்து பார்த்தால் சென்னையை விடக் கொச்சிதான் பக்கம். பாதி தூரம்கூட இல்லை. சென்னைக்குப் பொதிகையில் ஏறி ஓர் இரவு படுத்துத் தூங்க வேண்டும். செங்கோட்டை தாண்டினால் கேரளம். இங்கிருந்து அங்கே பூ போகிறது, எலுமிச்சை போகிறது, வேலைக்கு ஆள் போகிறது. போன இளைஞர்கள் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் ஜெர்சியோடு திரும்பி வருகிறார்கள். ஆகவே அந்த ஜனவரியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் இரண்டு கட்சி இருந்தது.

"முப்பத்தொரு வயசு ஆள வாங்கிட்டு இருவத்தொரு வயசுப் பையன குடுத்திருக்கானுவ. இதெல்லாம் ஒரு ஏவாரமா வே?"

"அனுபவம்னு ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி. கப்பு அடிச்ச கேப்டன்லா அவரு."

அந்த மாதம் 30-ம் தேதி சென்னை நேரு ஸ்டேடியத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் சென்னையை 3-1 என்று தோற்கடித்தது. சீசன் முடிந்தபோது 13 அணிகளில் சென்னை 11-வது. முதலில் பேசியவர் ஜெயித்துவிட்டதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு அவர் காட்டிய சாட்சி தப்பு.

ஓர் ஆட்டக்காரரைக் கொடுத்து இன்னொருவரை வாங்குகிற முடிவை எதை வைத்து நல்லது, கெட்டது என்று சொல்வது? அந்த முடிவை எடுத்த நிர்வாகத்துக்குத் திறமை இருக்கிறதா என்பதை எதை வைத்து அளப்பது? அமெரிக்காவில் இதற்கென்று பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நம் பக்கம் டீக்கடைதான். இரண்டு இடத்திலும் முதலில் கையில் எடுக்கிற அளவுகோல் ஒன்றே: கடைசியில் என்ன ஆச்சு?

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஓணத்துக்கு முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு இந்த அளவுகோலில் உள்ள ஓட்டை புரியும். கேரள வியாபாரிகள் இறங்கிவிட்டால் மல்லியும் பிச்சியும் ஒரே காலையில் பல மடங்கு ஏறும். விடிகாலையில் விற்ற விவசாயி, பத்து மணிக்கு விலை இன்னும் ஏறியதைப் பார்த்து நொந்துகொள்வார். அவர் ஏமாளி இல்லை. விடிகாலை நிலவரத்துக்கு அவர் வாங்கிய விலை நல்ல விலைதான். இன்னொரு நாள் பத்து மணிக்கு விலை சரியும். அன்றைக்கு அதே ஆளைக் கெட்டிக்காரர் என்பார்கள். முடிவு எடுத்த நேரத்தில் தெரிந்திருந்தது என்ன, தெரிந்துகொண்டிருக்கக் கூடியது என்ன என்பதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அப்படிப் பார்த்தால் அந்த ஜனவரியில் சென்னை நிர்வாகத்தின் முன்னால் இருந்தது என்ன? அணி அட்டவணையின் கீழ்ப்பாதியில் கிடந்தது. ஐ.எஸ்.எல். விதிப்படி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் களத்தில் நிற்கலாம். மீதி ஏழு பேர் இந்தியர்கள். முன்னால் ஓடி கோல் அடிக்கிற வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டவருக்குக் கொடுத்துவிடுவதால், பின்னால் நம்பி நிறுத்தக்கூடிய இந்திய சென்டர் பேக்குக்கு நாடு முழுக்க கிராக்கி. அப்படிப்பட்ட ஒருவரை, அதுவும் பத்து வருட ஆட்டம் மிச்சமிருக்கிற ஒருவரை, கீழே கிடக்கிற அணி எதற்காக விட வேண்டும்? மேலே வர வாய்ப்பில்லாத அணி இளையவரை வைத்துக்கொண்டு மூத்தவரை விற்பதுதான் உலக வழக்கம். இங்கே தலைகீழாக நடந்தது.

இதற்கு நியாயமான பதில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஆட்டக்காரர் வேறு கிளப்போடு பேசி முடித்துக்கொள்ளலாம். அந்த நிலைக்கு வந்துவிட்டவரைக் கையில் வைத்திருந்தால் மே மாதம் ஒன்றும் மிஞ்சாது. அப்போது கிடைத்ததை வாங்கிக்கொண்டு விடுவது புத்திசாலித்தனம். ஆக, இந்தக் கைமாற்றின் தராதரம் முழுக்க ஒரே ஒரு தாளில், பிகாஷின் ஒப்பந்தத்தில், இருக்கிறது. அதன் காலக்கெடு நெருங்கியிருந்தால் ஜனவரியில் செய்தது சரி. அப்படியானால் தப்பு அதற்கு ஒரு வருடம் முன்பே நடந்துவிட்டது, 20 வயதில் அவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுக்காததில். காலக்கெடு நெருங்காமல் இருந்தால் ஜனவரியில் செய்ததே தப்பு. எப்படியும் நிர்வாகத்தின் கணக்கில் ஒரு பிழை விழுகிறது. எந்தத் தேதியில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு கைமாற்றை மட்டும் தனியாக எடுத்து நிறுத்தினால் இவ்வளவுதான் சொல்ல முடியும். கேரளாவும் இதில் உத்தமர் இல்லை. 2023 ஜூலையில் சஹல் அப்துல் சமதை மோகன் பகானுக்குக் கொடுத்துத்தான் இதே கோட்டாலை அவர்கள் வாங்கினார்கள். சஹல் கண்ணூர்க்காரர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை, அப்போது 26 வயது. ஒன்றரை வருடத்தில் கோட்டால் கொச்சியை விட்டுக் கிளம்பிவிட்டார். சஹல் போன மோகன் பகான் அடுத்த இரண்டு சீசனிலும் லீக் ஷீல்டை (புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பரிசு) வென்றது. 2024-25-ல் கோப்பையையும் சேர்த்து. ஆக கேரளா சஹலைக் கொடுத்துக் கோட்டாலை வாங்கி, கோட்டாலைக் கொடுத்து பிகாஷை வாங்கியிருக்கிறது. இரண்டு பரிமாற்றத்தையும் ஒட்டி வைத்தால் சஹலுக்குப் பதில் பிகாஷ். இடையில் போன, வந்த பணம் தெரியாமல் இந்தச் சங்கிலிக்கு விலை போட முடியாது.

பணம் என்றதும் ஐரோப்பாவின் ஒரு கைமாற்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2020 ஜூன் கடைசியில் பார்சிலோனா ஆர்தரை ஜுவென்டஸுக்குக் கொடுத்து மிராலெம் பியானிச்சை வாங்கியது. ஆர்தருக்கு வயது 23, பியானிச்சுக்கு 30. நம்ம ஊர்க் கதை மாதிரியேதான் இருக்கிறது. ஆனால் அங்கே விலை எழுதினார்கள்: ஆர்தர் 7.2 கோடி யூரோ, பியானிச் 6 கோடி யூரோ. கையில் மாறிய ரொக்கம் வித்தியாசத் தொகை மட்டும்தான். பிறகு ஏன் இவ்வளவு பெரிய எண்கள்? கணக்கு எழுதும் முறையில் இருக்கிறது சூட்சுமம். விற்ற ஆட்டக்காரரின் விலையை அந்த வருடமே வரவாகக் காட்டலாம். வாங்கியவரின் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பங்குபோட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு எழுதலாம். இரண்டு கிளப்பும் ஜூன் 30-ல் கணக்கை மூடுகிறவை. ஒரே கையெழுத்தில் இருவரும் லாபம் பார்த்தார்கள், தாளில். மைதானத்தில் இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. பியானிச் பார்சிலோனாவில் ஒரு சீசன்தான் தாக்குப்பிடித்தார். ஆட்டக்காரர் விற்பனை லாபங்களைக் கணக்கில் காட்டிய விதத்துக்காக ஜுவென்டஸுக்கு 2023-ல் இத்தாலிய லீகில் 10 புள்ளிகள் வெட்டப்பட்டன. ஒரு கைமாற்றைப் பார்த்து "எதற்கு இவனைக் கொடுத்தார்கள்" என்று தலையைச் சொறியும்போது, பதில் பந்தாட்டத்துக்கு வெளியே இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சாட்சி.

அமெரிக்கக் கால்பந்து வேறு ஆட்டம். கையால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆனால் ஆள் மாற்றுவதில் அவர்கள்தான் பழுத்தவர்கள். அங்கே ஆட்டக்காரர்களை மட்டுமல்ல, வருங்காலத்தில் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிற உரிமையையும் விற்கலாம், வாங்கலாம். 1989 அக்டோபரில் டல்லஸ் கவ்பாய்ஸ் தன் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஐந்து ஆட்டக்காரர்களும் ஒரு குவியல் தேர்வு உரிமைகளும் வந்தன. அந்த வருடம் டல்லஸ் 16 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. உள்ளூர்ப் பத்திரிகைகள் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனைக் கிழித்துத் தொங்கவிட்டன. அவருடைய தந்திரம் ஒப்பந்தத்தின் உள்ளே இருந்தது. வந்த ஐவரில் ஒவ்வொருவரின் தலையிலும் ஒரு நிபந்தனை ஒட்டப்பட்டிருந்தது: அவரை அணியில் வைத்துக்கொள்ளாவிட்டால் அதற்குப் பதில் ஒரு தேர்வு உரிமை டல்லஸுக்கு வரும். வைக்கிங்ஸ் ஆட்டக்காரர்களைக் கொடுத்ததாக நினைத்தது. ஜான்சன் தேர்வு உரிமைகளைத்தான் வாங்கினார். அவற்றை வைத்துப் பின்னியெடுத்து எம்மிட் ஸ்மித் போன்றவர்களைப் பிடித்தார். 1992, 1993, 1995 சீசன்களில் டல்லஸ் சாம்பியன். மினசோட்டா வாக்கரை வைத்துக்கொண்டு இறுதியாட்டத்தின் பக்கமே போகவில்லை.

இந்தக் கதையை அமெரிக்காவில் கோப்பையைக் காட்டித்தான் சொல்வார்கள். கோப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டாலும் அது நல்ல முடிவுதான். ஒரு ஆட்டக்காரர் முழங்காலைப் பிசகிக்கொண்டால் மொத்த முதலும் போகும். பத்துத் தேர்வில் ஐந்து பொய்த்தாலும் மீதி ஐந்து நிற்கும். கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் (நோபல் பரிசு வாங்கிய அதே தேலர்தான்) 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னும் ஒரு படி போனார்கள். முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பையன், அதே இடத்தில் ஆடும் அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட பையனை விட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனாலும் நிர்வாகிகள் முதல் தேர்வுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். தங்கள் கண்ணின் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. கெட்டிக்கார நிர்வாகத்துக்குத் தன் கண் எவ்வளவு மங்கல் என்பது தெரியும்.

நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னையின் எஃப்.சி. 2014-ல் தொடங்கியது. 2015-லும் 2017-18-லும் கோப்பை. அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பத்து அணிகளில் பத்தாவது இடம். அதற்கடுத்த சீசன் நடுவில் ஜான் கிரிகரி விலக, ஓவன் கோயல் வந்து அட்டவணையின் அடியில் கிடந்த அணியை இறுதியாட்டம் வரை தூக்கிவிட்டார். கொரோனா பயத்தில் ஆளில்லாத மைதானத்தில் 2020 மார்ச்சில் ஏ.டி.கே.யிடம் தோற்றார்கள். அந்த சீசனில் லிதுவேனியாக்காரர் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்திருந்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் கரு. கோயல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸ் பின்னாலேயே போனார். சென்னை 2020-21-ல் ஹங்கேரிக்காரர் சாபா லாஸ்லோவைக் கொண்டுவந்தது, எட்டாவது இடம். அவர் போய் போஜிதர் பாண்டோவிச் வந்தார், சீசன் முடியும் முன்பே அவரையும் அனுப்பினார்கள், எட்டாவது இடம். 2022-23-ல் தாமஸ் பிரடாரிச், எட்டாவது இடம். மூன்று கோச், மூன்று நாட்டுப் பாணி, மூன்று எட்டு. ஒவ்வொருவரும் தன் பாணிக்கு ஆள் கேட்பார், வந்த ஆள் பழகுவதற்குள் கேட்டவர் விமானம் ஏறிவிடுவார். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். அவர் விட்டுவந்த ஜாம்ஷெட்பூர், கோயலின் கையில், அந்த சீசனில்தான் லீக் ஷீல்டை வென்றது. 2023-ல் கோயலையே திரும்பக் கூட்டி வந்தார்கள். முதலில் ஆறாவது, அடுத்து பதினொன்றாவது. 2025-ல் அவரும் போய் கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார்.

விட்டவரைத் திரும்பக் கூப்பிடுவது குற்றமில்லை. ஆனால் இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்ட நிர்வாகம், முதலில் ஏன் விட்டோம் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசியதற்கான அடையாளம் களத்தில் இல்லை.

அடையாளம் வேறொன்றில் இருக்கிறது. 2016-ல் பையனாக வந்து கேப்டனாக வளர்ந்த அனிருத் தாபா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார், வயது 25. ரஹீம் அலி 2024-ல் ஒடிசாவுக்குப் போனார், வயது 24. பிகாஷ் 2025-ல் கொச்சிக்கு, வயது 21. மூன்று வருடத்தில் மூன்று இந்திய இளைஞர்கள், ஒவ்வொரு முறையும் வயது குறைந்துகொண்டே. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருக்கும்: ஆட்டக்காரரே போக விரும்பினார், நல்ல விலை வந்தது, ஒப்பந்தம் முடிகிறது. வளர்த்து விற்பதே கிளப்பின் வழி என்றால் அதுவும் மரியாதையான வழிதான். இங்கிலாந்தில் பிரைட்டனும் பிரெண்ட்ஃபோர்டும் அப்படியே பிழைத்து முன்னுக்கு வந்தன. ஆனால் அவர்கள் 24 வயதுக்காரரை விற்ற பணத்தில் 19 வயதுக்காரரைத் தேடுவார்கள். 21-ஐ விற்று 31-ஐ வாங்குவது வளர்த்து விற்கிற வழியிலும் இல்லை, கோப்பைக்குப் பாய்கிற வழியிலும் இல்லை. கோட்டால் நல்ல ஆட்டக்காரர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. இரண்டு வழிக்கும் நடுவில் நின்றவர்களின் மேல்தான் குறை. இந்தக் கைமாற்றில் கேரளாவுக்குத்தான் ஆதாயம் என்று நான் சொல்வது இதனால். நேரு ஸ்டேடியத்தில் விழுந்த மூன்று கோலால் இல்லை.

கோவையில் இதற்கு நேர் எதிரான ஒரு கதை நடந்தது. அதை நம்மூர்ப் பத்திரிகைகள் போதிய அளவு எழுதவில்லை. பெயரில் சென்னை இருந்தாலும் கோவை ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2018-19-ல், ஐ.எஸ்.எல்.லுக்கு வெளியே தனியாக நடந்த ஐ-லீகில் சாம்பியன். கடைசி நாளில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில், 43-க்கு 42 என்று, பின்னுக்குத் தள்ளினார்கள். அந்த அணியைக் கட்டிய விதம்தான் அழகு. உருகுவேயில் பிறந்து ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி, அவரோடு நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரொட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. ஒருவர் பெயரும் இந்தியாவில் யாருக்கும் தெரியாது. ஒரே பாஷை, ஒரே பாணி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். கூட எட்வின் சிட்னி வன்ஸ்பால் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். மான்சி 21 கோல் அடித்தார். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. பெயருக்காக வயதான நட்சத்திரத்தை வாங்காமல், தன் ஆட்டத்துக்குப் பொருந்தும் ஆளைத் தேடி மலிவாக வாங்கிய நிர்வாகம். தமிழ்நாட்டில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆள் தேர்வு இதுதான் என்று எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

அப்புறம்? கோர்டில்லோ ஒப்பந்தம் இருக்கும்போதே வேறு கிளப்போடு கையெழுத்துப் போட்ட விவகாரத்தில் போனார். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். 2020-21-ல் கோச்சும் வேறு. 2021-22 ஐ-லீக் அணிகளின் பட்டியலில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. சாம்பியன் ஆன மூன்றாம் வருடம் அணி காணாமல் போயிற்று.

ஆள் பிடிப்பதில் இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஆளைத் தக்கவைப்பதில் தோற்றது ஏன்? பாதிப் பழி அவர்கள் மேல். மீதிப் பாதி லீக் அமைப்பின் மேல். அந்த சீசனில் ஐ-லீகை வென்றாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற முடியாது. ஏறும் வழி 2022-23-ல்தான் திறந்தது, பஞ்சாப் அணி முதலில் ஏறியது. வென்றால் விளம்பரதாரர் வரமாட்டார், டி.வி. பணம் வராது, வென்ற ஆட்டக்காரர் மட்டும் விலை ஏறிப் பறந்துபோவார் என்கிற இடத்தில் எந்த நிர்வாகத்தின் திறமையை எதை வைத்து அளப்பது? அளக்கும்போது நான் இந்தச் சலுகையைக் கோவைக்குக் கொடுக்கிறேன். சென்னைக்குக் கொடுப்பதில்லை. அவர்களுக்கு டி.வி. இருந்தது, அபிஷேக் பச்சனும் தோனியும் உரிமையாளர்களாக இருந்தார்கள்.

தோனி பெயர் வந்துவிட்டது. கிரிக்கெட்டைத் தொடாமல் போனால் சங்கரன்கோவிலில் இந்தக் கட்டுரையை யாரும் படிக்கமாட்டார்கள். 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. ஜடேஜா 2012 முதல் நம்முடையவர். 2023 இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தை எல்லைக்கு விரட்டியவர். ஊரே துக்கம் காத்தது. ஆனால் இங்கே கணக்குப் போட எல்லாம் கையில் இருந்தது. சாம்சன் 18 கோடி. ஜடேஜா 18 கோடியில் இருந்து 14 கோடிக்கு இறங்கினார். கரன் 2.4 கோடி. சாம்சனுக்கு 31 வயது. ஜடேஜாவுக்கு 37 ஆக மூன்று வாரம். முந்தைய சீசனில் அணி வரலாற்றிலேயே முதல்முறையாகக் கடைசி இடம். இவ்வளவும் அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதம் அபுதாபி ஏலத்தில் பிரசாந்த் வீருக்கு 14.2 கோடி கொடுத்தார்கள். இடது கைச் சுழல், கீழ் வரிசையில் அடிக்கும் கை, 20 வயது. ஜடேஜா விட்டுப்போன இடத்துக்கு அச்சாகப் பொருந்துகிற ஆள். விலை அதிகம்; இந்திய அணிக்கு ஆடாத பையனுக்கு அவ்வளவு பணமா என்று நானும் வாயைப் பிளந்தேன். அதே ஏலத்தில் அதே 14.2 கோடிக்குக் கார்த்திக் சர்மா என்ற விக்கெட் கீப்பரையும் வாங்கியது எனக்கு இன்னும் புரியவில்லை. கீப்பர்களை வைத்துத் தனி அணி இறக்கப்போகிறார்களோ என்னவோ. ஆனால் நவம்பர் முடிவும் டிசம்பர் முடிவும் ஒன்றோடு ஒன்று பேசுகின்றன. 2009 முதல் ஸ்டீஃபன் ஃபிளெமிங் ஒருவரே தலைமைக் கோச். சென்னையின் எஃப்.சி.யில் இல்லாதது இந்தப் பேச்சுதான்.

கபடியில் தமிழ் தலைவாஸ் வேறொரு பாடம் வைத்திருக்கிறது. 2022 ஏலத்தில் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு வாங்கினார்கள். அதுவரை புரோ கபடியில் யாருக்கும் போகாத விலை. முதல் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனவர் அந்த சீசனில் திரும்பவே இல்லை. அணி? முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. புதுமுகமாகச் சேர்த்திருந்த நரேந்தர் ரெய்டில் அள்ளிக்கொண்டு வந்தார். கடைசியில் என்ன ஆச்சு என்ற அளவுகோலை வைத்தால் அந்த நிர்வாகத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது? கோடி கொட்டிய தேர்வு பாழ், பேர் தெரியாத தேர்வு பொன். நான் முதலாவதைத் துரதிர்ஷ்டம் என்றும் இரண்டாவதைத் திறமை என்றும் எழுதுவேன். அடுத்த சீசனுக்குப் பவனை அவர்கள் மறுபடி வாங்கவில்லை. அதுவும் திறமைக் கணக்கில்தான்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடக்கிற மின்னொளி கபடிப் போட்டிகளில் ஒரு கேப்டன் ஒரு ராத்திரிக்கு வெளியூர் ஆள் கூப்பிடும்போது எப்படி யோசிக்கிறார் என்று கவனித்திருக்கிறேன். யார் பெரிய ரைடர் என்று அவர் கேட்பதில்லை. "நமக்கு இடது கார்னர்லதான் ஓட்டை, அதுக்கு ஆள் சொல்லுங்க" என்பார். வருகிறவனுக்கு என்ன கொடுக்கிறோம் என்பது கமிட்டி முழுக்கத் தெரியும்; வசூல் பணம் அது, மறைக்க முடியாது. தோற்றால் மறுநாள் காலையில் கோவில் திண்ணையில் கணக்குக் கேட்பார்கள். வெளியூர் ஆள் நன்றாக ஆடியும் தோற்றிருந்தால் கேப்டனைத் திட்டமாட்டார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஐ.எஸ்.எல். ரசிகனுக்கு அந்தத் திண்ணை கிடையாது. 2025 ஜூலையில் லீகே நிறுத்தி வைக்கப்பட்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் முடியப்போகிறது, அடுத்தது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை என்பதால். ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. 2026 பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும் என்ற அறிவிப்பு ஜனவரியில்தான் வந்தது. அடுத்த மாதம் லீக் நடக்குமா என்று தெரியாத நிலையில் மூன்று வருடத் திட்டம் போடுங்கள் என்று எந்த நிர்வாகத்தையும் கேட்க முடியாது. ஆனால் அந்த நெருக்கடிக்கு முந்தைய பத்து வருடத்துக்கு இந்தச் சாக்கு செல்லாது.

தலைவாஸ் கொடுத்த விலை தெரியும், சூப்பர் கிங்ஸ் கொடுத்த விலை தெரியும், பார்சிலோனா எழுதிய விலைகூடத் தெரியும். பிகாஷுக்குப் பதில் கோட்டால் வந்தபோது என்ன கொடுத்தார்கள் என்பது மட்டும் தெரியாது. கிளப் கம்பெனிகள் அரசிடம் தாக்கல் செய்யும் ஆண்டுக் கணக்கில் மொத்த வரவு செலவு இருக்கும், ஆள்வாரியாக இருக்காது. ஆனால் எந்த ஆட்டக்காரர் எந்தக் கிளப்புக்குப் போனாலும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் மத்தியப் பதிவு அமைப்பில் ஏறாமல் களத்தில் இறங்க முடியாது. ஒப்பந்தம் என்று தொடங்கி என்று முடிகிறது என்ற தேதி அங்கே இருக்கிறது. அந்தத் தேதியையும், கைமாறிய தொகையையும் ஒவ்வொரு டிரான்ஸ்பர் காலம் முடிந்ததும் வெளியிட வேண்டும் என்று சம்மேளனம் உத்தரவு போட வேண்டும். அதற்கு ஒரு சுற்றறிக்கை போதும்.